ஒககுரா காகுஸோ: கலையால் ஐக்கியம் நாடிய ஜப்பானியர்

பிரிந்து கிடக்கும் ஜனங்களை ஒன்று சேர்க்க ராஜதந்திரிகள் உடன்படிக்கைகளை நாடுகிறார்கள். வியாபாரிகள் கொடுக்கல் வாங்கலை நாடுகிறார்கள். எம்மைப் போன்ற வக்கீல்கள் சட்டத்தை நாடுகிறோம். மூன்றும் வேண்டியவையே. ஆயினும் உடன்படிக்கை கிழிபடுகிறது. வியாபாரம் லாபம் உள்ளவரை நிற்கிறது. சட்டமோ சண்டை மூண்ட பின்னரே வாசலுக்கு வருகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஒருவன் வீட்டுச் சித்திரத்தையும் சிற்பத்தையும் மற்றொருவன் கண்டு மகிழ்ந்து, இவனும் நம்மைப் போன்ற மனிதனே என்று உணரும் நிலை ஒன்று வேண்டும். அந்நிலையை உண்டாக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். தென்ஷின் என்ற புனைபெயரால் ஜப்பானியர் கொண்டாடும் ஒககுரா காகுஸோ என்பவரே அவர். அவர் சாதித்தவையும் அவர் தவறிய இடமும் நமக்கு ஒருங்கே பாடமாக உள்ளமையால், அவர் சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஒககுரா 1863-ம் வருஷம் பிப்ரவரி மாதம் யோகோஹாமாத் துறைமுகத்தில் பிறந்தார். தந்தையார் புகுயி சமஸ்தானத்துப் போர்வீரர் குலத்தவர். பட்டு வியாபாரத்தின் பொருட்டு யோகோஹாமாவில் குடியேறியவர். அந்நிய வர்த்தகத்துக்காக 1859-ல் திறந்துவிடப்பட்ட அப்பட்டணத்தில் இங்கிலீஷ் அறியாதவனுக்கு வியாபாரம் இல்லை. ஆகவே பிள்ளையைச் சிறு பிராயத்திலேயே பாதிரிமாரிடம் இங்கிலீஷ் படிக்க விட்டார். ஒரு நாள் தந்தையும் மகனும் வெளியூர் போகையில், எல்லைப்புறத்தில் நட்டிருந்த பலகையைப் படிக்கும்படி தந்தை கேட்க, இங்கிலீஷைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளை தாய்நாட்டு எழுத்தின் முன் விழித்து நின்றதாகச் சொல்வார்கள். தந்தை தம் பிழையை உணர்ந்தார். பிள்ளையை ஒரு பௌத்த மடத்தில் சேர்த்துச் சீன இலக்கியங்களைக் கற்பிக்கச் செய்தார். இங்கிலீஷ் படித்துப் பிழைக்கும் எமக்கு இக்கதையைக் கேட்குந்தோறும் நாணம் உண்டாகிறது. அந்தப் பலகையின் முன் நின்றவர்கள் நம் நாட்டிலும் அநேகர். மடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் சிலரே.

இங்ஙனம் இரு கல்வியும் பெற்ற இளைஞர் டோக்கியோ சர்வகலாசாலையில் சேர்ந்து 1880-ல் பட்டம் பெற்றார். அங்கே 1878-ல் அமெரிக்காவிலிருந்து ஆசிரியராக வந்த எர்னஸ்ட் பெனலோஸா என்பவர் தத்துவமும் பொருளாதாரமும் போதித்தார். ஜப்பானியச் சித்திரங்களையும் சிலைகளையும் கண்ட பெனலோஸாவுக்கு அவற்றில் அளவிறந்த மோகம் பிறந்தது. மொழிபெயர்ப்புக்கு இங்கிலீஷ் நன்கறிந்த மாணாக்கர் ஒருவர் தேவைப்பட்டார். ஒககுரா அவ்வேலைக்கு அமைந்தார். அந்நியர் ஒருவருடைய கண்ணைக் கொண்டு தம் நாட்டுச் செல்வத்தைப் பார்க்கும்படி நேர்ந்தது அவருக்கு. இதுவும் நமக்குப் புதிய அநுபவம் அன்று.

அக்காலத்து ஜப்பானின் நிலையை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 1868-ல் புதிய அரசாங்கம் ஏற்பட்டவுடன், பல நூற்றாண்டுகளாக ஒரே வளாகத்தில் கலந்திருந்த ஷிண்டோ தேவதைகளையும் புத்த விக்கிரகங்களையும் பிரித்துவிடும்படி உத்தரவு பிறந்தது. உத்தரவு பிரிக்கச் சொல்லிற்று. ஜனங்கள் உடைக்கத் தொடங்கினார்கள். பல இடங்களில் புத்த ஆலயங்கள் இடிபட்டன, சிலைகள் எரிக்கப்பட்டன, ஏடுகளும் சித்திரங்களும் அற்ப விலைக்கு விற்கப்பட்டன. அதே சமயத்தில், மேனாட்டு நாகரிகமே நாகரிகம் என்ற வெறியும் தலைக்கேறியது. வமிசபரம்பரையான சித்திரக்காரர்கள் வயிற்றுப் பிழைப்புக்கு வேறு தொழில் தேடினார்கள். ஒரே வீட்டுக்குள் பழைமைக்கும் புதுமைக்கும், ஒரு மதத்துக்கும் மற்றொரு மதத்துக்கும் பகை மூண்டிருந்தது.

கல்வி இலாகாவில் உத்தியோகம் ஏற்ற ஒககுரா, பெனலோஸாவுடன் பழைய ஆலயங்களைச் சோதித்துப் பட்டியல் எடுக்கப் புறப்பட்டார். நாரா நகருக்கு அருகே ஹோரியூஜி என்னும் புராதன ஆலயத்தில் எண்கோண மண்டபம் ஒன்று உண்டு. அதனுள் ஒரு திருவுருவம் துணிச்சுற்றுகளால் மூடப்பட்டு, யாரும் காணாமல் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. திறந்தால் இடி விழும், பூமி அதிரும் என்று பிக்ஷுக்கள் அஞ்சினார்கள். 1884-ம் வருஷத்தையொட்டி அரசாங்க அதிகாரத்தைக் காட்டிக் கதவைத் திறக்கச் செய்து, பல நூறு கஜத் துணியை அவிழ்த்தார்கள். உள்ளே, பொன் மெருகு குன்றாத அவலோகிதேசுவரர் மரச்சிலை புன்னகையோடு நின்றது. பூமி அதிரவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்சிலையைக் கண்ட அந்த நாளை ஒககுரா ஆயுள் முழுவதும் மறந்தாரில்லை. இந்தியாவில் பிறந்த ஒரு கருணைத் தெய்வம், சீனத்தையும் கொரியாவையும் கடந்து, தம் நாட்டில் வந்து நிற்பதை அவர் அங்கே கண்டார். பிற்காலத்து எண்ணங்களெல்லாம் அந்த மண்டபத்தில் முளைத்தவை என்று சொல்வது மிகையாகாது.

1886-ல் அரசாங்கத்தார் இவ்விருவரையும் கலைக்கல்வி முறைகளை ஆராய ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். திரும்பி வந்தபின், 1889-ல் டோக்கியோக் கலாசாலை திறக்கப்பட்டது; மறு வருஷம் தமது இருபத்தேழாம் பிராயத்தில் ஒககுரா அதன் தலைவரானார். ஜப்பானியச் சித்திரம், மரச் செதுக்கு வேலை, உலோக வேலை, அரக்கு வேலை ஆகியவை அங்கே போதிக்கப்பட்டன. பிழைப்பிழந்து நின்ற பழைய கைவினைஞர்கள் உபாத்தியாயர்களாக அழைக்கப்பட்டார்கள். பழைமையைப் பெட்டியில் பூட்டிவைப்பது ஒககுராவின் நோக்கமன்று. மேனாட்டிலிருந்து கற்க வேண்டியதைக் கற்றுத் தன் வேரிலிருந்து வளரும் சித்திரமே உயிருள்ள சித்திரம் என்பது அவர் கொள்கை. யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ, ஷிமோமுரா கான்ஸான் முதலிய பெரும் சித்திரக்காரர்கள் அங்கே உருவானார்கள். 1897-ல் பழைய ஆலயங்களைக் காக்கும் சட்டம் ஏற்பட்டதற்கு அவருடைய பட்டியல்களும் இடையறாத முயற்சியும் பெருந்துணை செய்தன.

1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜப்பானியர் ஹோஓதென் என்னும் மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் உள் அலங்காரம் ஒககுராவின் கலாசாலையைச் சேர்ந்தது. ஜப்பானியச் சரித்திரத்தின் மூன்று காலங்களை மூன்று பகுதிகளில் காட்டிய அம்மண்டபத்தைக் கண்டு அமெரிக்கச் சிற்பிகள் வியந்தார்கள். சென்னை வாலிபர்கள் வீடு வீடாகத் திரட்டிய பொருளைக் கொண்டு கடல் கடந்த விவேகானந்த சுவாமிகள், ஜப்பான் வழியாகச் சென்று சர்வமத மகாசபையில் முழங்கியது அதே நகரத்தில், அதே வருஷத்தில். ஒருவர் வாக்கினாலும் மற்றவர் மண்டபத்தினாலும் கீழ்நாட்டின் பெருமையை நாட்டினார்கள். இருவரும் சந்திக்க இன்னும் எட்டு ஆண்டுகள் சென்றன.

அந்த எட்டு ஆண்டுகளுக்குள் ஒககுராவுக்கு வீழ்ச்சியும் வந்தது. தம்மை ஆதரித்த பிரபு ஒருவருடைய மனைவியிடம் அவர் கொண்ட தொடர்பு ஊரறிந்த பேச்சாயிற்று. மேனாட்டுச் சித்திர முறையினருக்கும் அவருக்கும் இருந்த மனஸ்தாபமும் சேர்ந்துகொண்டது. பெயரில்லாத துண்டுப் பிரசுரங்கள் பரவின. 1898-ல் அவர் பதவியை இழந்தார். மகான்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இத்தகைய செய்திகளை மறைப்பது வழக்கம். நாம் மறைக்கவில்லை, குற்றம் குற்றமே. ஆனால் அவரோடு உபாத்தியாயர்கள் பலரும் உத்தியோகத்தை உதறிவிட்டு வெளியேறினார்கள் என்பதையும் கூறுதல் நியாயம். அவர்களைக் கொண்டு அதே வருஷத்தில் ஜப்பான் கலா மன்றம் என்ற சுதந்திர ஸ்தாபனத்தை அவர் நிறுவினார். சர்க்கார் சம்பளம் இல்லை, கடன் இருந்தது, உற்சாகம் இருந்தது.

1901-ம் வருஷக் கடைசியில் ஒககுரா இந்தியாவுக்குப் புறப்பட்டார். விவேகானந்தரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்று அங்கே ஒரு சர்வமத மகாநாடு கூட்ட வேண்டுமென்பது அவர் விருப்பம். 1902 ஜனவரியில் பேலூர் மடத்தில் இருவரும் சந்தித்தனர். அம்மாதமே சேர்ந்து புத்த கயைக்கும் பின் காசிக்கும் யாத்திரை செய்தனர். சுவாமிகளின் சரீரம் அப்போது நோயால் தளர்ந்திருந்தது. ஜப்பான் பிரயாணம் நிறைவேறவில்லை. ஜூலை 4-ந் தேதி அவர் சமாதியடைந்தார்.

புத்த கயையைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வாலயம் அக்காலத்தில் சைவ மகந்து ஒருவரின் வசத்தில் இருந்தது. இலங்கை அநகாரிக தர்மபாலர் அதைப் பௌத்தர்களுக்கு மீட்கப் போராடி வந்தார். 1895-ல் அவர் ஜப்பானிலிருந்து வந்த அழகிய புத்த விக்கிரகம் ஒன்றை அங்கே ஸ்தாபிக்க முயன்றபோது மகந்தின் ஆட்கள் அதை அகற்றினார்கள். வழக்கு நடந்தது, கீழ்க்கோர்ட்டார் தண்டித்தார்கள், கல்கத்தா ஹைகோர்ட்டார் அத்தண்டனையை ரத்து செய்தார்கள். ஜப்பானியக் கலைஞன் கருணையே வடிவாகச் செய்த உருவம் இரு சமூகத்தாருக்கிடையே கிரிமினல் வழக்குக்குக் காரணமாயிற்று! கலைப்பொருளை அனுப்புவதனால் மட்டும் ஐக்கியம் வந்துவிடாது என்பதற்கு இதனினும் சாட்சியம் வேண்டுமோ? பெறுகிறவன் மனம் இசையாவிடத்துக் கொடையும் படையெடுப்பாகத் தோன்றும். ஒககுராவும் ஜப்பானிய யாத்திரிகர்களுக்காக அவ்வூரில் இடம் பெற முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் சம எண்ணிக்கையில் அமரும் நிர்வாகக் கமிட்டிக்கு வழிசெய்த சட்டம் 1949-ல் தான் பிறந்தது. அதன்பின்னும் பூசல் முற்றும் ஓயவில்லை.

கயையில் கிட்டாதது கல்கத்தாவில் கிட்டியது. அங்கே தாகூர் குடும்பத்தாரின் நட்பு அவருக்கு வாய்த்தது. நம் பாரதியார் குருவாகப் போற்றிய நிவேதிதை தேவியார், ஒககுரா இங்கிலீஷில் எழுதிய கீழ்நாட்டு இலட்சியங்கள் பற்றிய நூலைத் திருத்தி முகவுரையும் எழுதினார். 1903-ல் லண்டனில் வெளிவந்த அந்நூல், இமயமலை பிரித்தாலும் ஆசியா முழுவதும் ஒரே உள்ளம் உடையது என்று வாதித்தது. இந்தியாவின் ஞானமும் சீனத்தின் ஒழுக்கமும் ஜப்பானியக் கலையில் சங்கமமாயின என்பது அதன் சாரம். அடிமைப்பட்டிருந்த வங்காளத்து வாலிபர்களுக்கு அப்பேச்சு அமுதமாயிருந்தது. நம்மிடமிருந்து புறப்பட்ட பொருளை ஒரு சுதந்திர நாட்டார் பத்திரமாக வைத்திருந்து, இது உங்களுடையது என்று காட்டும்போது, குனிந்த தலை நிமிராதிருக்குமோ?

1903-ல் தம் சிஷ்யர்களான தைகானையும் ஷுன்ஸோவையும் ஒககுரா கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவநீந்திரநாத தாகூர் அவர்கள் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தார். ஈரத் தூரிகையால் வர்ணத்தைக் கரைத்து மூடுபனிபோல் படரவிடும் முறையை அவர்களிடம் கற்றுத் தமதாக்கிக் கொண்டார். 1905-ல் அவர் தீட்டிய பாரதமாதா சித்திரத்தில் அந்த மென்மையைக் காணலாம். வந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. நம் தேவதைகளைத் தம் முறையில் வரைந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் கற்றனர், இருவரும் உயர்ந்தனர். அவநீந்திரரின் சீடர் தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929-ல் சென்னை ஓவியக் கலாசாலைக்குத் தலைவராக வந்தார். சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையைக் காணும் நேயர்கள், அதைச் செய்த கையின் குருபரம்பரையில் ஒரு கிளை டோக்கியோவைத் தொடுகிறது என்பதை நினைவு கொள்ளலாம்.

1904 பிப்ரவரியில், ருஷ்யாவோடு ஜப்பான் யுத்தப் பிரகடனம் செய்த தருணத்தில், ஒககுரா அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டன் கலைக்காட்சிசாலையில் குவிந்திருந்த ஆயிரக்கணக்கான ஜப்பானியப் பொருள்களைத் தரம் பிரித்து விவரப் பட்டியல் எழுதும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1910-ல் அங்கே சீன ஜப்பானியப் பகுதிக்குத் தலைவரானார். அந்நகரத் தெருக்களில் அவர் சுதேச உடையிலேயே நடந்தார். பேசியதோ அந்நகரத்தாரும் மெச்சும் இங்கிலீஷ். 1906-ல் அவர் வெளியிட்ட தேநீர்ப் புத்தகம் இன்றுவரை பல பாஷைகளில் படிக்கப்படுகிறது.

தேநீர் குடிப்பதற்கு ஒரு புத்தகமா என்று சிலர் நகைக்கலாம். ஜப்பானியரின் தேநீர்ச் சடங்கு வெறும் பானத்துக்காக ஏற்பட்டதன்று. அதற்கென்று அமைத்த சிறு குடிலின் வாயில் மூன்றடி உயரத்துக்கு மேல் இராது. பிரபுவானாலும் சேனாபதியானாலும் குனிந்து தவழ்ந்தே உள்ளே செல்ல வேண்டும். வாளை வெளியே இறவாரத்தின் கீழ் மாட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு சித்திரம், ஒரு மலர், கொதிக்கும் நீரின் ஓசை. உட்கார்ந்திருப்போருக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை. உள்நாட்டுப் போர் ஓயாத பதினாறாம் நூற்றாண்டில் இச்சடங்கைச் செம்மைப்படுத்திய ரிகியூ என்பவர் சாகாய் நகரத்து வர்த்தகர் குலத்தவர். யுத்தப் பிரபுக்கள் அவர் கையால் தேநீர் பருகினார்கள். ஜப்பானின் பீரங்கியைக் கண்டு மதித்த மேனாட்டார் அதன் தேநீர்க் கிண்ணத்தைக் கண்டு மதித்திருக்க வேண்டும் என்பது ஒககுராவின் மனக்குறை. சம்பந்தி போஜனத்துக்காகப் போராட வேண்டியிருந்த நம் நாட்டார் அந்த மூன்றடி வாயிலைப் பற்றிச் சற்று சிந்திப்பது நலம்.

1905-ல் இஸுரா என்னும் கடலோரத்தில் பாறை மேல் அறுகோண மண்டபம் ஒன்றைக் கட்டி அலைகளைப் பார்த்தபடி தியானித்து வந்தார். 1912-ல் மறுமுறை இந்தியா வந்து பிரியம்வதா தேவி என்ற வங்கக் கவியரசியின் நட்பைப் பெற்றார். 1913 செப்டம்பர் 2-ந் தேதி தமது ஐம்பதாம் பிராயத்தில் அகாகுரா என்னும் மலையூரில் உயிர் நீத்தார். 1916-ல் ஜப்பான் சென்ற ரவீந்திரர் இஸுராவைத் தேடிச் சென்று நண்பரின் நினைவைப் போற்றினார். அந்த மண்டபத்தை 2011 மார்ச் 11-ந் தேதி எழுந்த ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. மறு வருஷமே அதைத் திரும்பக் கட்டினார்கள்.

இனி அவர் தவறிய இடம். ஆசியா ஒன்று என்று எழுதிய அதே கை, 1904-ல் வெளியிட்ட மற்றொரு நூலில் கொரியாவின் மேல் ஜப்பானுக்குப் பழைய உரிமை உண்டு என்று வாதாடிற்று. 1910-ல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. அவர் மறைந்தபின் ராணுவத்தார் அவருடைய ஐக்கிய மந்திரத்தைத் தம் கொடியில் எழுதிக்கொண்டார்கள். அருமைச் சீடர் தைகானே 1940-ல் தம் சித்திரங்களை விற்ற பணத்தைப் படைகளுக்கு அளித்தார். ஆசிய சகோதரத்துவத்தின் பெயரால் வந்த அப்படை, 1942-43-ல் மலாயா தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைச் சயாம் காட்டுக்கு ஓட்டிச் சென்று பர்மா ரயில்பாதை போடச் செய்தது. காலராவாலும் பட்டினியாலும் அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. ஒன்று என்ற சொல்லை எவன் எந்த இடத்தில் நின்று சொல்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும். சமமாக அமர்ந்து சொன்னால் அது அன்பு; மார்பின் மேல் ஏறி நின்று சொன்னால் அது ஆதிக்கம். ராணுவத்தார் செய்த பாவத்துக்கெல்லாம் ஒககுராவைப் பிரதிவாதியாக்குவது நியாயமன்று. ஆனால் கொரியா விஷயத்தில் அவர் வாளை வெளியே மாட்டாமலே குடிலுக்குள் நுழைந்தார் என்று தீர்ப்புக் கூறாமலும் இருக்க முடியாது.

நேர்வழி ஒன்று இருந்தது என்பதற்கு இன்னொரு ஜப்பானியர் சாட்சி. யானாகி முனேயோஷி என்பவர் கொரியக் குயவர்களின் பாண்டங்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர். 1919-ல் கொரியர்கள் சுதந்திரம் கேட்டு எழுந்தபோது அவர்கள் பக்கம் அநுதாபம் காட்டி எழுதினார். 1922-ல் சியோல் அரண்மனையின் பெருவாயிலை இடிக்கத் தம் அரசாங்கத்தார் முனைந்தபோது கண்டித்து எழுதினார்; வாயில் இடிபடாமல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. 1924-ல் அந்நகரிலேயே கொரிய நாட்டுக் கலைகளுக்கு ஒரு காட்சிசாலை நிறுவினார். தன் கலையைப் பிறர் மெச்ச வேண்டும் என்பதோடு நில்லாமல், தன் நாட்டார் மிதித்த ஜனங்களின் கலையைத் தன் நாட்டாரே வணங்கும்படி செய்தார்.

நமக்குள்ளும் பிரிவினைகளுக்குக் குறைவில்லை. ஜாதி, மதம், பாஷை, மாகாணம் என்று பட்டியல் நீளும். ஒற்றுமை, ஒற்றுமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அடுத்த தெருவாரின் பாட்டு இன்னதென்று அறியோம். அவர்கள் வீட்டுக் கோலத்தையும் கொலுவையும், தர்காவின் சித்திர வேலையையும், மாதா கோயில் தேரையும் நின்று பார்த்ததில்லை. ஒககுராவின் வாழ்க்கை நமக்குக் கூறுவது யாதெனில், சிதைந்து கிடக்கும் சொந்தக் கலையை முதலில் காப்பாற்று. அதன்பின் அதைக் கையில் ஏந்திப் பிறர் வாசலுக்குப் போ என்பதே. அவர் தவறு நமக்குக் கூறுவது, போகும்போது தலைமை என்ற வாளை வெளியே வைத்துவிட்டுப் போ என்பது. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பவர்களே பிரிந்தவர்களைச் சேர்க்க வல்லவர்கள். நம் தேசத் தொண்டர்கள் தங்கள் ஊரில் இவ்வேலையை இன்றே தொடங்குவார்களாக.